தபால் ஆபீஸ் சொகுசு ஓட்டல் ஆனது!

சிங்கப்பூரில் கடிதம் பிரித்த கட்டிடத்தில் இன்று 400 அறைகள்
வெளித்தோற்றம் மாறவில்லை, உள்ளே எல்லாம் புதுசு!

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பெரிய சாம்பல் நிறக் கட்டிடம் நிற்கிறது. யானைக் கால் மாதிரி தூண்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். சுற்றிலும் கண்ணாடி மாளிகைகள் வானத்தைத் தொடுகின்றன. நடுவில் இது மட்டும் பழைய கம்பீரத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

இது அரண்மனையா? இல்லை. கோர்ட்டா? அதுவும் இல்லை.

இது தபால் ஆபீஸ்! அதாவது, தபால் ஆபீசாக இருந்தது. இப்போது பணக்காரர்கள் தங்கும் ஐந்து நட்சத்திர ஓட்டல். பெயர் "புல்லர்ட்டன்".

ஒரு காலத்தில் தபால் தலை வாங்கக் காசோடு ஜனங்கள் வரிசையில் நின்ற இடத்தில், இன்று வெளிநாட்டுப் பயணிகள் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். பழைய கட்டிடத்தை இடிக்காமல் புதுத் தொழிலுக்குத் திருப்பிவிட முடியும் என்பதற்கு ஆசியாவிலேயே நல்ல உதாரணமாக இதைச் சொல்கிறார்கள்.

"அதெல்லாம் சரிங்க, பொதுஜனத்தோட கட்டிடம் பணக்காரன் வீடா ஆயிடுச்சே!" என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. முழு விவரம் வருமாறு:-

வெடி வைத்தார்கள்!

இந்த இடத்தின் கதை, கட்டிடத்தைவிடப் பழையது.

1819-ம் ஆண்டு வெள்ளைக்காரர்கள் சிங்கப்பூரில் கால் வைத்தார்கள். ஆற்று முகத்துவாரத்தில் காட்டை வெட்டியபோது ஒரு பெரிய பாறை அகப்பட்டது. சுமார் 10 அடி உயரம். அதன் மேல் வரிவரியாக எழுத்து. சுமார் 50 வரிகள்! என்ன மொழி, யார் எழுதியது என்று ஒருவருக்கும் புரியவில்லை.

1829-ல் அதே முனையில் ஒரு கோட்டை கட்டினார்கள். அதற்கு புல்லர்ட்டன் கோட்டை என்று பெயர். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் சேர்ந்த ராஜ்யத்துக்கு முதல் கவர்னராக இருந்த ராபர்ட் புல்லர்ட்டனின் பெயர் அது.

1843-ல் கோட்டைக்கும் அதன் அதிகாரி குடியிருக்கும் வீட்டுக்கும் இடம் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் கல்வெட்டுப் பாறைக்கு வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்!

சிதறிய துண்டுகளில் சில கல்கத்தாவுக்குப் போயின. சில துண்டுகள் ரோட்டுக்குச் சல்லியாகப் போயின என்று சொல்வார்கள். மிஞ்சிய ஒரு துண்டு இன்று சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அந்த நாட்டின் பொக்கிஷங்களில் ஒன்றாக அதை மதிக்கிறார்கள்.

சோழர் பெயரா?

தமிழர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய சங்கதி ஒன்று இதில் இருக்கிறது.

2019-ம் ஆண்டு இயன் சின்கிளேர் என்ற ஆராய்ச்சியாளர் அந்தத் துண்டில் உள்ள சில எழுத்துக்களைக் "கேசரிவ" என்று படித்தார். அது "பரகேசரிவர்மன்" என்ற பட்டத்தின் நடுப்பகுதியாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. பரகேசரி என்பது சோழ மன்னர்கள் சூட்டிக்கொண்ட பட்டம். கடல் கடந்து படை எடுத்த ராஜேந்திர சோழனுக்கும் அந்தப் பட்டம் உண்டு.

இது ஒருவர் சொன்ன கருத்துதான். முடிவான தீர்ப்பு அல்ல. முழுப் பாறையும் இருந்திருந்தால் சந்தேகமே இருந்திருக்காது. வெடி வைத்த கை, 50 வரியையும் சேர்த்து அழித்துவிட்டது. ஒரு வீட்டுக்கு இடம் வேண்டும் என்பதற்காக ஒரு சரித்திரம் போயிற்று!

பிறகு 1873-ல் கோட்டையும் இடிபட்டது. அந்தப் பக்கத்தில் பழைய தபால் ஆபீசும், வியாபாரிகள் கூடும் கட்டிடமும் வந்தன.

41 லட்சம் டாலர்

1919-ல் சிங்கப்பூருக்கு நூறு வயது. அதன் ஞாபகார்த்தமாக ஒரு பெரிய சர்க்கார் கட்டிடம் கட்ட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ஆனால் பணம் வரவில்லை. வேலை 1924-ல்தான் ஆரம்பமானது.

ஷாங்காய் நகரிலிருந்து வந்த கீஸ் அண்டு டவுட்ஸ்வெல் என்ற கம்பெனி படம் போட்டுக் கொடுத்தது. நான்கு ஆண்டு வேலை. சுமார் 41 லட்சம் டாலர் செலவு. அந்தக் காலத்து 41 லட்சம்!

1928-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி கவர்னர் சர் ஹியூ கிளிஃபர்ட் திறந்து வைத்தார். பழைய கோட்டையின் பெயரையே கட்டிடத்துக்கும் வைத்தார்கள்.

அப்போது ஊரிலேயே பெரிய கட்டிடங்களில் ஒன்று இது. உயரம் சுமார் 120 அடி. கீழே தபால் ஆபீஸ். கப்பல் இலாகா, ஏற்றுமதி இறக்குமதி இலாகா ஆகியவையும் உள்ளே இருந்தன. மேல் மாடிகளில் வெள்ளைக்கார வியாபாரிகளின் சிங்கப்பூர் கிளப்.

ஆகவே சொகுசு இந்தக் கட்டிடத்துக்குப் புதிது அல்ல. அன்றைக்கே மேலே துரைமார்களுக்கு விருந்து. கீழே ஜனங்களுக்கு வரிசை!

300 அடி கவுண்ட்டர்

தபால் ஆபீஸ் கவுண்ட்டரின் நீளம் சுமார் 300 அடி. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனையில் நிற்கிற ஆள் முகம் தெரியாது.

கப்பலில் வரும் கடிதப் பைகளை ரோட்டில் தூக்கி வரத் தேவையில்லை. கட்டிடத்துக்கும் கடற்கரைத் துறைக்கும் நடுவே பூமிக்கடியில் சுரங்க வழி வெட்டியிருந்தார்கள். பைகள் அது வழியே போய் வந்தன.

"ரஜுலா" கப்பலில் ஏறிப் பிழைக்கப் போன தமிழர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களும் பெரிய தபால் ஆபீசைத் தொட்டுத்தான் கடல் கடந்தன. "பணம் கிடைத்ததா? பிள்ளை எப்படி இருக்கிறான்?" என்று கேட்ட கடிதங்கள். நாகப்பட்டினத்திலும் ராமநாதபுரத்திலும் தபால்காரர் வருகிறாரா என்று வாசலில் நின்ற பெண்டு பிள்ளைகள் இந்தக் கட்டிடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இன்னொரு விசேஷம். சிங்கப்பூர், மலேசியாத் தமிழர்கள் ஊரைச் சொல்லும்போது "ஏழாம் கட்டை, பத்தாம் கட்டை" என்று சொல்வார்கள். கட்டை என்றால் மைல் கல். சிங்கப்பூரில் அந்த மைல்களை எங்கிருந்து எண்ணினார்கள் தெரியுமா? இந்தத் தபால் ஆபீசிலிருந்துதான்! அதாவது ஊருக்கே இதுதான் பூஜ்யம் கட்டை!

சரண் அடைந்த நாள்

1942-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஜப்பான் படை சிங்கப்பூருக்குள் நுழைந்துவிட்டது. குண்டு மழை!

தபால் ஆபீஸ் ஆஸ்பத்திரி ஆயிற்று. கடிதம் பிரித்த இடத்தில் காயம்பட்ட சிப்பாய்களைப் படுக்க வைத்தார்கள்.

கவர்னர் ஷென்டன் தாமஸ் தன் மாளிகையை விட்டு வந்து மேல் மாடியில் இருந்த சிங்கப்பூர் கிளப்பில் அடைக்கலம் புகுந்தார். பிரிட்டிஷ் படைத் தலைவர் ஜெனரல் பெர்சிவல் அங்கே வந்து, இனி சரண் அடைவதைத் தவிர வழியில்லை என்ற நிலைமையைக் கவர்னரிடம் பேசினார். பிப்ரவரி 15-ந் தேதி பிரிட்டிஷ் படை சரண் அடைந்தது. சாம்ராஜ்யத்தின் மானம் கப்பல் ஏறிய நாள் அது!

அதன் பிறகு ஜப்பானிய ராணுவ நிர்வாகம் இதே கட்டிடத்தில் உட்கார்ந்து உத்தரவு போட்டது.

தபால்காரர் வேலை நிறுத்தம்

சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ஆனால் ஜனங்கள் பழைய ஜனங்களாக இல்லை.

1952-ம் ஆண்டு மே மாதம் சுமார் 500 தபால்காரர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். இந்தப் பெரிய தபால் ஆபீஸ் வாசலில் மறியல். அவர்களை மிரட்டத் துப்பாக்கி ஏந்திய கூர்க்கா படையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

தபால்காரர்களின் சங்கத்துக்குச் சட்ட ஆலோசகர் ஓர் இளம் வக்கீல். பெயர் லீ குவான் யூ. அவர்கள் பக்க நியாயத்தைப் பத்திரிகையில் எழுதியவர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். சுமார் இரண்டு வாரத்தில் தபால்காரர்கள் ஜெயித்தார்கள்.

வக்கீல் பிறகு பிரதமர் ஆனார். பத்திரிகைக்காரர் சுதந்திர சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டு மந்திரி ஆனார். தபால்காரர்களின் தகராறு ஒரு தேசத்துக்கே தலைவர்களைக் கொடுத்தது!

அதற்குப் பிறகு தேர்தல் வந்தால் கட்டிடத்தின் முன்னால் உள்ள சதுக்கத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பொதுக் கூட்டம். ஆபீஸ் குமாஸ்தாக்கள் வெயிலிலும் மழையிலும் நின்று கேட்டார்கள்.

கூரை மேல் கலங்கரை விளக்கம்

1958-ல் இந்தக் கட்டிடத்தின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கத்தை வைத்தார்கள். கடலில் 30 கிலோ மீட்டர் தூரத்தில் வரும் கப்பலுக்கும் வெளிச்சம் தெரியுமாம்.

சுமார் 20 ஆண்டுகள் அது வேலை செய்தது. அதற்குள் கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். பக்கத்தில் மாடி மேல் மாடி எழும்பியது. வெளிச்சத்தை மறைத்தது. விளக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கட்டிடத்துக்கும் அதே கதிதான். வருமான வரி இலாகா வேறு இடத்துக்குப் போயிற்று. 1996-ல் தபால் ஆபீசும் காலி செய்துகொண்டு போய்விட்டது.

இத்தனை பெரிய கட்டிடம். உள்ளே ஆள் இல்லை. சுற்றிலும் தங்கம் விலை விற்கிற நிலம். என்ன செய்வது?

இடிக்கவில்லை!

"இதுல என்னங்க யோசனை? இடிச்சுத் தள்ளிட்டு அறுபது மாடி எழுப்ப வேண்டியதுதானே!" என்று சொல்ல எத்தனையோ பேர் இருப்பார்கள். அதே ஊரில் அப்படி நடந்தும் இருக்கிறது. ஸ்டாம்போர்டு ரோட்டில் இருந்த சிவப்புச் செங்கல் தேசிய நூலகத்தை, சுரங்கச் சாலை போட வேண்டும் என்று 2004-ல் மூடினார்கள். பிறகு இடித்தார்கள். படித்து வளர்ந்த ஜனங்கள் கேட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

தபால் ஆபீசுக்கு அந்தக் கதி வரவில்லை. 1997-ல் சிங்கப்பூரின் நகர மறுசீரமைப்பு ஆணையம் கட்டிடத்தை விற்றது. ஹாங்காங்கின் சினோ லேண்ட் கம்பெனியின் குடும்பத்தைச் சேர்ந்த நிறுவனம் வாங்கியது. ஓட்டலாக மாற்றலாம், ஆனால் கட்டிடத்தின் அடையாளம் கெடக் கூடாது!

பழங்கட்டிடங்களுக்கு அந்த ஆணையம் வைத்திருக்கும் விதி மூன்றே வரிதான். முடிந்த மட்டும் உள்ளதை உள்ளபடி வைத்துக்கொள். போனதை நுணுக்கமாக மீட்டெடு. கெட்டதைக் கவனமாகப் பழுது பார். படிக்க மூன்று வரி. செய்து பார்த்தால் மூச்சு வாங்கும்!

சுலபமான வேலையா?

புதுக் கட்டிடம் கட்டுவது சட்டை தைப்பது போல. துணியை வெட்டித் தைக்கலாம். பழைய கட்டிடத்தை ஓட்டலாக்குவது, போட்டிருக்கும் சட்டையைக் கழற்றாமலே அளவு மாற்றுவது போல!

ஆபீசுக்கு ஒரு மாடிக்கு ஒரு கழிப்பறை போதும். ஓட்டலுக்கு? 400 அறை என்றால் 400 குளியலறை. ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வரவும் போகவும் குழாய் வேண்டும். குழாய்க்குத் தளத்தில் துளை போட வேண்டும். துளை போடும்போது பழைய உத்திரம் பலம் இழக்கக் கூடாது. ஏர்கண்டிஷன் காற்றுப் பாதை, தீயணைப்புக் குழாய், அவசரப் படிக்கட்டு, புது லிப்ட் எல்லாம் வேண்டும். ஆனால் எதுவும் கண்ணை உறுத்தக் கூடாது.

வெளிச்சம் இன்னொரு தலைவலி. ஆபீசில் நடு அறைக்கு ஜன்னல் இல்லாவிட்டால் குமாஸ்தா விளக்கைப் போட்டுக்கொள்வார். காசு கொடுத்துத் தங்குகிறவர் ஜன்னல் இல்லாத அறையில் இருப்பாரா? அதனால் கட்டிடத்தின் வயிற்றில் பெரிய திறந்த முற்றம் போல விட்டு, அதைப் பார்த்தபடியும் அறைகள் வரச் செய்தார்கள். நம்ம ஊர் வீட்டில் முற்றம் வைத்துச் சுற்றிலும் அறை போடுகிற அதே யுக்தி!

வெளியே தூண் வரிசை அப்படியே நிற்கிறது. கிளப் இருந்த மண்டபத்தின் வளைந்த கூரை அப்படியே இருக்கிறது. கலங்கரை விளக்கம் இருந்த இடம் சாப்பாட்டு விடுதி ஆகிவிட்டது. மது அருந்தும் கூடத்துக்குப் பழைய ஞாபகமாகத் "தபால்" என்றே பெயர். எதிர்ப்புறக் கடற்கரைக்குப் பூமிக்கடியில் நடைபாதையும் உண்டு.

2001-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் ஓட்டலைத் திறந்து வைத்தார். அதே ஆண்டில் பழைமையைக் காத்ததற்கான விருதும் கிடைத்தது. 2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் சிங்கப்பூரின் 71-வது தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். இனி யாரும் நினைத்தபடி இதன் மேல் கை வைக்க முடியாது!

பக்கத்து வீடுகளும்

ஒரு வீட்டுக்கு வெள்ளை அடித்தால் தெருவே மாறும் என்பார்கள். அங்கேயும் அதுதான் நடந்தது.

1933-ல் கட்டிய கிளிஃபர்ட் படகுத் துறை பக்கத்திலேயே இருக்கிறது. கடல் வழியாக வந்த எத்தனையோ பேர் சிங்கப்பூர் மண்ணில் முதலில் கால் வைத்த இடம் அது. 2006-ல் படகுப் போக்குவரத்து நின்றது. அதையும் இடிக்கவில்லை. அதன் பக்கத்தில் 2010-ல் இன்னொரு புதிய ஓட்டலைக் கட்டி, துறையை அதோடு சேர்த்துக்கொண்டார்கள்.

ஆற்றின் மேல் காவனா பாலம் நிற்கிறது. 1869-ல் முடிந்த இரும்புப் பாலம். இந்தியாவிலிருந்து கொண்டு போன கைதிகளின் உழைப்பு அதில் இருக்கிறது. மாடு, குதிரை போகக் கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்றும் அங்கே தொங்குகிறது. இப்போது அது நடந்து போகிறவர்களுக்கு மட்டும்!

யாருக்குச் சொந்தம்?

இனி வருவது கஷ்டமான கேள்வி.

தபால் ஆபீசுக்குள் யாரும் போகலாம். கையில் பத்துக் காசு இருந்தால் போதும். காசே இல்லாவிட்டாலும் மழைக்கு ஒதுங்கலாம். ஓட்டலுக்குள் அப்படிப் போக மனசு வருமா? வாசலில் நிற்கிற சீருடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனாலும் கால் கூசும். மறியல் செய்த தபால்காரரின் பேரன் அங்கே ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்றால் பர்ஸைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வேறு வழியும் இருந்தது. கொஞ்ச தூரத்தில் இருக்கும் பழைய சுப்ரீம் கோர்ட்டையும் நகர மண்டபத்தையும் சிங்கப்பூர் சர்க்கார் ஓட்டலுக்குக் கொடுக்கவில்லை. இரண்டையும் இணைத்து 2015-ல் தேசிய ஓவியக் கூடமாகத் திறந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பார்க்கிறார்கள்.

ஆனால் எல்லாக் கட்டிடத்தையும் அருங்காட்சியகம் ஆக்க எந்த சர்க்காரிடம் பணம் இருக்கிறது? ஆள் புழங்காத வீட்டில் முதலில் ஓடு போகும். பிறகு உத்திரம் போகும். கடைசியில் "ஆபத்தான கட்டிடம்" என்று ஒரு பலகை வரும். பலகை வந்தால் கடப்பாரையும் வரும். பழங்கட்டிடத்துக்கு மருந்து, உள்ளே ஆள் இருப்பதுதான். ஓட்டல் என்றால் ராத்திரி பகல் ஆள் இருப்பார்கள். ஒழுகினால் அன்றைக்கே பார்ப்பார்கள். பழுது பார்க்கக் காசும் அந்தக் கட்டிடமே சம்பாதித்துக் கொடுக்கும்.

அதனால் ஓட்டல் ஆனது குற்றம் இல்லை. விஷயம் பேரத்தில் இருக்கிறது. வாங்குகிறவனுக்கு அறை வாடகை. ஊருக்கு என்ன? முகப்பு மாறாமல் இருக்க வேண்டும். உள்ளே நடந்த சரித்திரத்தை எழுதி வைக்க வேண்டும். தங்காதவனும் வந்து பார்க்க வழி வேண்டும். புல்லர்ட்டனில் பழைய படங்கள், தபால் ஆபீஸ் ஞாபகப் பொருள்கள் வைத்த கூடம் இருக்கிறது. கட்டிடத்தின் கதையைச் சொல்லிச் சுற்றிக் காட்டவும் செய்கிறார்கள்.

கவர்னர் ஒளிந்த அறையைக் காட்டுவது எளிது. பயணிக்குப் பிடிக்கும். வெயிலில் நின்ற தபால்காரரையும், கூர்க்காவின் துப்பாக்கிக்கு முன்னால் கலையாத மறியலையும் அதே சத்தத்தோடு சொல்கிறார்களா என்பதில்தான் கட்டிடம் யாருடையது என்பது தெரியும்.

கணக்கு

ஒரே இடம். 1843-ல் கல்வெட்டுக்கு வெடி வைத்தார்கள். 1873-ல் கோட்டையை இடித்தார்கள். 1997-ல் கட்டிடத்தை விற்றார்கள். ஆனால் நிற்க வைத்து விற்றார்கள்.

கல்லைத் தகர்த்தவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் இடம். போனது என்ன என்று இன்று வரை யாருக்கும் முழுசாகத் தெரியவில்லை. சோழன் பெயரோ, வேறு ராஜாவின் பெயரோ, ஒரு கைத்துண்டுக் கல்லை வைத்துக்கொண்டு அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

தபால் ஆபீசுக்கு அந்தச் சந்தேகம் வராது. தூண் நிற்கிறது. கூரை நிற்கிறது. இன்றைக்கு ஓட்டல். நூறு வருஷம் கழித்து அது பள்ளிக்கூடம் ஆகலாம், ஆஸ்பத்திரி ஆகலாம். மறுபடி தபால் ஆபீசே ஆனாலும் ஆச்சரியம் இல்லை.

நிற்கிற கட்டிடத்தை எதுவாகவும் மாற்றலாம். இடித்துவிட்டால் போட்டோவில்தான் பார்க்கலாம்!